ஊரைச் சொல்லத் தயங்கும் இளமை

கொழும்பு வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ ஒரு புடைவைக் கடையில் துணி மடித்து அடுக்கிக்கொண்டிருக்கும் இளைஞனைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று யாரேனும் விசாரித்தால், அவன் டிக்கோயாவுக்கு அப்பால் ஏதோ ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பத்துக் காம்பரா லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவனாயிருந்தபோதிலும், "ஹட்டன் டவுன்" என்றோ, கேட்பவர் சற்றுத் தோரணையுடையவராகத் தோன்றினால் "கண்டிப் பக்கம்" என்றோ விடை பகர்ந்துவிட்டு, அடுத்த கேள்வி எழுமுன் அலுமாரிப் பக்கமாகத் திரும்பிக்கொள்வதைத் தலைநகரில் பழகிய பலர் கண்டிருப்பார்கள். அவன் சொன்னது பொய்யென்று கூறிவிட முடியாது. தோட்டத்தின் பெயரை மாத்திரம் விழுங்கிவிட்டான். இதைச் சாமர்த்தியம் என்று சிரித்து விட்டுவிடுவோரும் உண்டு. ஆனால் தான் பிறந்த இடத்தின் பெயர் நாவில் வரும்போதெல்லாம் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிற ஒருவனுடைய உள்ளம், வெளியில் எவ்வளவு உற்சாகமாகக் காட்டிக்கொண்டாலும், உள்ளூர ஓயாத ஒரு காவற் பணியைச் செய்துகொண்டேயிருக்கிறது என்பதையும், அந்தப் பணிக்கு விடுமுறையே கிடையாது என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

இளைஞரின் மனநலத்தைப் பற்றி இப்போது எங்கும் பேச்சாயிருக்கிறது. பரீட்சைப் பயம், கைப்பேசி மோகம், காதல் ஏமாற்றம், போதைப்பொருள், வேலையின்மை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. பாடசாலை மண்டபங்களுக்குப் பெரியவர்கள் வந்து, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று உபதேசித்துவிட்டு, சால்வை பெற்றுக்கொண்டு போகிறார்கள். மேற்சொன்ன காரணங்களில் ஒன்றையும் நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் வளரும் ஓர் இளைஞனுடைய அல்லது யுவதியினுடைய மனச்சௌக்கியத்தை நிர்ணயிப்பதில், தான் யார் என்று சொல்லிக்கொள்வதற்கு அவர்கள் கொடுக்கவேண்டியிருக்கும் விலைக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரும் பங்கு உண்டு என்பதே என் அபிப்பிராயம். விலையில்லாமல் சொல்லக்கூடிய அடையாளம் மனிதனுக்குப் பலம் தருகிறது. சொன்னால் அவமதிப்பும் சொல்லாவிட்டால் குற்றவுணர்வும் என்று இருபுறமும் வட்டி கேட்கும் அடையாளம் அவனை அரிக்கிறது.

இந்த விலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறியச் சரித்திரத்தைச் சிறிது புரட்டத்தான் வேண்டும். 1823ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் கோப்பிப் பயிர் தோட்ட முறையில் ஆரம்பமானதிலிருந்து, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த கூலிகளாகவும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்னர் இலங்கையின் அந்நியச் செலாவணிக்கே ஆதாரமாயமைந்த தொழிலாளராகவும் வாழ்ந்துவந்த ஒரு சமூகம், நாடு சுதந்திரமடைந்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலும், அதையடுத்து 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தினாலும், நாடும் வாக்குமின்றி நிறுத்தப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அதற்கடுத்த தேர்தலில் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவரானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 மனிதரை இரண்டு தேசங்களுக்கிடையே பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்பாடு பார்த்துக்கொள்ளப்படும் என்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவன் நீலகிரிக்கும் இளையவன் நுவரெலியாவுக்குமாகப் பிரிந்தார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் போய் இறங்கிய அண்ணனை அவ்வூரார் "சிலோன்காரன்" என்றார்கள். இங்கே தங்கிவிட்ட தம்பியை இவ்வூரார் "இந்தியாக்காரன்" என்றார்கள். நாடற்றோர் நிலைமை சட்டப்படி முற்றாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே.

ஆகவே அச்சட்டத்துக்குப் பின் பிறந்து இன்று வாக்குரிமை வயதை எட்டியிருக்கும் தலைமுறையே, சமூகம் முழுவதும் நாட்டுரிமையுடன் நிற்கக் கண்டு வளர்ந்த முதற் தலைமுறை. பாட்டனுக்குக் கடவுச்சீட்டு எந்த நாட்டினதாயிருக்கும் என்ற கவலை. தகப்பனுக்கு அடையாள அட்டையில்லாமல் கொழும்பில் பொலிசாரிடம் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற கவலை. பேரனுக்கோ, பத்திரங்கள் யாவும் சரியாயிருந்தும், "தோட்டக்காட்டான்" என்ற ஒரு சொல்லுக்கு வகுப்பறையில் தலை குனிய வேண்டியிருக்கிறது. பாட்டனைக் காட்டிலும் பேரனுடைய நிலைமை மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் துன்பத்துக்கு எதிரி வெளியில் தெளிவாக நிற்கும்போது மனிதன் கூட்டாகப் போராடுகிறான். எதிரி ஓர் ஏளனப் பார்வையாகவும், விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டமாகவும் சிதறிக்கிடக்கும்போது, குறை தன்னிடத்தில்தான் இருக்கிறதோ என்று தனியே ஐயுறத் தொடங்குகிறான். இன்றைய மலையக இளைஞனுடைய வியாகூலம் இத்தகையது.

மலையகத் தமிழர் என்ற பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட வரலாறும் இளைஞரோடு சம்பந்தப்பட்டதே. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து பாராளுமன்றம் வரை சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை எழுத்தில் செய்ததை, 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியைச் சூழ்ந்து இர. சிவலிங்கம் முதலான ஆசிரியர்கள் வகுப்பறையிலும் மேடையிலும் செய்தார்கள். தோட்டத்துப் பிள்ளை படித்து முன்னேறுவதென்றால் தோட்டத்தை மறந்துவிடுவது என்று பொருளல்ல என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். அவர்களிடம் பயின்றவர்கள் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் தொழிற்சங்கவாதிகளாகவும் வந்ததைப் பார்க்கும்போது, ஒரு பெயரின் மகிமை ஓரளவு விளங்குகிறது. 2023இல், இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு, முன்னோர் வந்து இறங்கிய தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த பாதயாத்திரையில் இளைஞர் பெருந்தொகையாகக் கலந்துகொண்டதும், 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் "இந்தியத் தமிழர்" என்ற பழைய தலைப்புடன் "மலையகத் தமிழர்" என்பதும் சேர்க்கப்பட்டதும், அதே ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக மக்களால் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டதும் இந்த மரபின் பலன்களே. எனினும் அந்த மதிப்பீட்டில் இச்சமூகத்தின் பங்கு நாட்டுச் சனத்தொகையில் நூற்றுக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. 1946இல் அது நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேலாயிருந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கழித்துவிட்டாலும், பிறப்புப் பதிவில் "இலங்கைத் தமிழர்" என்று எழுதிவிட்டால் பிள்ளைக்குத் தொந்தரவு இராது என்று கருதிய பெற்றோரின் எண்ணிக்கை இந்த வீழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கிறது. அவர்களை நான் குறை கூறமாட்டேன். விலை அதிகமாயிருக்கும் பண்டத்தை வாங்காமல் விடுவது ஏழைக்கு நியாயமான காரியம்.

விலையைக் குறைப்பது எப்படி என்பதே கேள்வி. இதற்கு மேடைப் பிரசங்கங்களில் விடை இல்லை. தூரதேசத்து ஆராய்ச்சி ஒன்று எனக்கு நெடுநாளாக ஞாபகத்தில் நிற்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ இருநூறு ஆதிக்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. நிலம் பறிக்கப்பட்டு, பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, சொந்த மொழி தண்டிக்கப்பட்ட அந்த மக்களிடையே இளைஞரின் தற்கொலை பயங்கரமான அளவில் இருப்பதாக எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்னும் இரண்டு உளவியலறிஞர்கள் 1987 முதல் 1992 வரையிலான பதிவுகளைச் சமூகம் சமூகமாகப் பிரித்துப் பார்த்து, 1998இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் அக்காலத்தில் ஓர் இளைஞர்கூட அவ்வாறு மாண்டிருக்கவில்லை. துயரம் முழுவதும் எஞ்சிய சமூகங்களிலேயே குவிந்திருந்தது. அவ்விரு வகையினருக்கும் என்ன வித்தியாசம் என்று தேடியபோது, நில உரிமைக்கான வழக்காடல், சுயாட்சி, கல்வி நிர்வாகம், சுகாதார சேவை, காவலும் தீயணைப்பும், கலாசார நிலையம் ஆகிய ஆறு விஷயங்கள் தென்பட்டன. இவ்வாறும் தம் கையில் இருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை ஒன்றுமேயில்லை. கை நழுவிப்போன விஷயங்கள் கூடக்கூட மரணமும் கூடியது.

அந்த ஆறில் கலாசாரம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லுவது ஒன்றே ஒன்று. மற்றவை நிலமும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் ஊர் நிர்வாகமும். அடையாளம் என்பதைப் பாட்டும் கூத்தும் உடையும் என்று கருதிக்கொண்டிருப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். ஒரு சமூகம் தன் நாளையைத் தானே திட்டமிடக்கூடியதாயிருக்கும்போதுதான், அதைச் சேர்ந்த இளைஞனுக்குத் தன்னுடைய நாளையையும் கற்பனை செய்துகொள்ள இயலுகிறது.

அந்த அளவுகோலை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுவந்து வைத்துப் பார்ப்போம். முதலில் நிலம். 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பகிர்ந்தளிப்பதை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தபோது, பத்தனைக்கு அருகே டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான சிவனு லெட்சுமணனுக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இருந்திருக்காது. தான் உழைத்த மண் தன் மக்களைத் தாங்கவேண்டும் என்ற எண்ணமே அவனிடம் இருந்தது. இன்று ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழும்பி வருகின்றன; இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகள் என்று தொடங்கி, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஆனால் பெருந்தொகையானோர் இன்னமும் லயத்திலேயே இருக்கிறார்கள். அங்கே வசிப்பதற்கும் தோட்டத்தில் வேலை செய்வதற்கும் போடப்பட்டிருக்கும் முடிச்சு அவிழவில்லை. பிள்ளை கொழும்பில் உழைத்தாலும், வீட்டில் ஒருவராவது பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போய்ப் பேர் வாங்கினாற்றான் காம்பராவில் நிம்மதியாக இருக்கலாம் என்ற நினைப்பில், முதுகு வளைந்த தாய் மலையேறுகிறாள். தன் சுதந்திரத்துக்குத் தாய் வாடகை கொடுக்கிறாள் என்று அறிந்த மகனுடைய மனநலத்தை எந்த உபதேசம் சீர்ப்படுத்தும்?

அடுத்தது முகவரி. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாமையால், தபால்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, மூட்டையாகக் கிடந்து, கைமாறிக் கைமாறி எப்போதாவது உரியவரைச் சேர்வது நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த மறுவாரம் கிடைத்த கதைகளைத் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். இதை அலுவலக அசிரத்தை என்று மட்டும் பார்ப்பது போதாது. பாடசாலைப் படிவத்தில், வங்கிப் படிவத்தில், வேலை விண்ணப்பத்தில், தன் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதிவிட்டு அதற்குமேல் எழுத ஒன்றுமில்லாமல் பேனாவை எடுத்துவிடும் பிள்ளை, தான் ஒரு கம்பனியின் சொத்துப் பட்டியலில் அடங்கிய பொருள் என்பதைப் பத்து வயதிலேயே கற்றுக்கொள்கிறது.

சுகாதாரத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் விரிக்கப்புகின் இடம் போதாது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேயே என்பதையும், கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவந்த ஆசிரியர்கள் ஒரு தலைமுறையின் தலைவிதியை மாற்றினார்கள் என்பதையும், இருந்தும் தோட்ட வைத்திய நிலையங்களில் ஒரு பகுதி இன்றும் தேசிய சுகாதார சேவைக்கு வெளியே நிற்கிறது என்பதையும் மட்டும் சொல்லி அப்பால் போகிறேன்.

இனி, அடையாளப் பெருமையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தூரத்திலுள்ள கசாக்ஸ்தானத்து இளைஞரின் அனுபவம் இங்கே நமக்குப் பாடமாகும். 1930களின் பஞ்சத்தாலும் பிறர் குடியேற்றத்தாலும், 1959ஆம் ஆண்டுக் கணக்கில் தங்கள் சொந்தக் குடியரசிலேயே நூற்றுக்கு முப்பதளவாகக் குறைந்துபோன கசாக்கியர், 1991இல் சுதந்திரம் பெற்று, இன்று நூற்றுக்கு எழுபதளவுக்கு வளர்ந்து, மொழியையும் மரபையும் மீட்டுக்கொண்டார்கள். நல்லது. ஆனால் ருசிய மொழியிலேயே படித்து வளர்ந்த நகரத்துப் பிள்ளைகளை "ஷாலா கசாக்", அதாவது அரைகுறைக் கசாக்கியர், என்று சொந்த இனத்தாரே நையாண்டி செய்யும் வழக்கமும் கூடவே வந்தது. பிறர் இட்ட காயம் ஆறுவதற்குள் தம்மவர் இட்ட காயம் அதன்மேல் விழுந்தது. அடையாளத்துக்குச் சுத்தம் பார்க்கத் தொடங்கினால், அது ஆறுதல் தரும் தன்மையை இழந்து பரீட்சைத் தன்மையைப் பெற்றுவிடுகிறது.

நம்மிடமும் இப்பரீட்சை உண்டு. சிங்களம் சரளமாகப் பேசும் பையனைப் பார்த்து மாறிவிட்டான் என்கிறோம். யாழ்ப்பாணத்து உச்சரிப்பைப் பழகிக்கொண்ட பெண்ணைப் பார்த்து வேஷம் என்கிறோம். இவற்றையெல்லாம்விடக் கூரியது சாதி. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டு, விரதமிருந்து, ரதியும் மதனும் ஆடி, இறுதியில் காமனை எரிக்கும் வரை தோட்டம் முழுவதும் ஒரே குடும்பமாக விழித்திருப்பது மெய்யாகவே அருமையான காட்சி. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அவ்வாறே. இக்கூத்துகளுக்கு உயிராயிருப்பது தப்பு என்னும் தோல் வாத்தியம். அந்தத் தப்பே பெரட்டுக்கு ஆளை எழுப்பியது. அதுவே சாவு வீட்டில் முழங்கியது. அதை அடிப்பது குறிப்பிட்ட சிலருடைய கடமை என்று விதித்ததும் நம் சமூகமே. இன்று பல்கலைக்கழக மாணவர் தப்பை மலையக அடையாளத்தின் சின்னமாக மேடையேற்றும்போது, என் தகப்பனைக் கைநீட்டி வேலை ஏவிய வாத்தியத்தை நான் ஏன் பெருமையோடு தொடவேண்டும் என்று ஓர் இளைஞன் கேட்பானாகில், அவனை மரபின் துரோகி என்று சொல்ல எவருக்கும் அருகதையில்லை. அதே வாத்தியத்தை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோளிற் போட்டுக்கொள்ளும் குழுக்களும் தோன்றியிருக்கின்றன, அவர்களையும் வாழ்த்துகிறேன். தீர்மானம் அவரவருடையதாயிருக்கவேண்டும்.

யுவதிகளின் விஷயம் வேறு. உலகெங்கும் தேயிலைப் பொட்டலத்திலும் சுற்றுலா விளம்பரத்திலும் கூடையும் புன்னகையுமாகக் காட்சியளிக்கும் கொழுந்து பறிக்கும் பெண், தோட்டத்து யுவதியின் தாய். நாள் முழுவதும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று, இலக்குக் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாட் கூலி, போடப்பட்டு, 2021இல் ஆயிரம் ரூபாவையும் 2024இல் 1,350 ரூபாவையும் பெரும் போராட்டத்தின் பேரில் எட்டிப்பிடித்த கூலிக்கு உழைத்துத் திரும்பும் அவளைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். பாடசாலை விட்டு வரும் மகள் அதைப் பார்க்கிறாள். தாயின் உழைப்பைக் குறித்துப் பெருமையும், தாயின் நிலையைக் குறித்து நாணமும், நாணியதைக் குறித்துப் பின்னும் ஒரு நாணமும் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் நெஞ்சில் வந்து மோதுகின்றன. ஆடைத் தொழிற்சாலைக்கோ, வளைகுடா நாட்டு வீட்டுவேலைக்கோ, கொழும்பில் பிறர் பிள்ளையைப் பார்க்கவோ அவள் புறப்பட்டுப் போவதில், பணத்தேவைக்குச் சமமாக, அந்தப் படத்துக்குள் தானும் அடைபட்டுவிடக்கூடாது என்ற பிடிவாதமும் இருக்கிறது.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு 47 என்று உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்றைக் கொண்டிருந்த இலங்கை, கொடிய நஞ்சு கலந்த பூச்சிகொல்லிகளின் இறக்குமதியைப் படிப்படியாகத் தடைசெய்து அதைப் பெருமளவு குறைத்துக் காட்டியிருக்கிறது. அரசாங்கம் மனம் வைத்தால் பேச்சின்றியே உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு இது சாட்சி. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை லயத்திலிருந்து அழைக்கும் பிள்ளை, தன் துயரத்தைத் தன் பேச்சுத் தமிழிலேயே சொல்லி முடிக்கக்கூடியதாக, மலையகத் தமிழ் அறிந்த ஆலோசகர்கள் போதிய அளவில் அமர்த்தப்படவேண்டும். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் மனநல உத்தியோகத்தர் நியமனமும் அத்தகையதே. நாட்டின் சகல மாணவரும் படிக்கும் சரித்திரப் பாடநூலில், தேயிலையைப் பற்றிய அத்தியாயத்தோடு அதைப் பயிரிட்டவர்களைப் பற்றிய அத்தியாயமும் இருக்குமாயின், "தோட்டக்காட்டான்" என்று ஏளனம் செய்யும் வகுப்புத் தோழனுக்கும் சிறிது அறிவு உண்டாகும்.

வீடுகளுக்கு இலக்கமும் வழிகளுக்குப் பெயரும் இடும் காரியம் பிரதேச சபைகளுடையது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் எங்கள் பணத்தைச் செலவிட இயலாது என்று முப்பது வருஷ காலம் சபைகள் கைவிரித்து வந்தன. மலையகத் தமிழரே தவிசாளராக வீற்றிருந்த சபைகளும் அதே பதிலைச் சொல்லின. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுத் தடை நீங்கிவிட்டது. அதற்குப் பின்னும் எத்தனை லயங்களுக்கு இலக்கத் தகடு அடித்தீர்கள் என்ற கேள்வியை, அடுத்த சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் ஆசனத்தில் உட்கார்ந்திருந்து இளைஞர்களே எழுத்தில் கொடுத்துக் கேட்கலாம்.